இரவுக் கானாவும் ஆல்பமும்: தி காஸ்ட்லெஸ் கலெக்டிவை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வி

வடசென்னையின் கானாப் பாடகர்களையும், சட்டி, கட்டை மோளம், பறை வாசிப்பவர்களையும், நகரத்து ராக், ராப் இசைஞர்களையும் ஒன்றுசேர்த்து உருவான தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் முதன்முறையாக மேடையேறியது. அதே ஆண்டில் ‘மகிழ்ச்சி’ என்ற தன் முதல் ஆல்பத்தையும் வெளியிட்டது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து நடத்திய குரல் தேர்வின் வழியாகத் தெரிவான 19 பேர், கோட்டும் சூட்டும் அணிந்து நின்ற அந்த மேடைக் காட்சியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆல்பத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பிணத்தின் தலைமாட்டிலும் காரியப் பந்தலிலும் விடிய விடியப் பாடப்பட்டுக் காற்றோடு போன ஒரு பாட்டு மரபு, ராக் குழு ஒன்றின் ஆல்பமாகப் பதிவாகும்போது அதற்கு என்ன கிடைக்கிறது, எது கைநழுவுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

குழுவின் பெயருக்கு ஒரு சென்னை வரலாறு உண்டு. பூர்வகுடித் தமிழர்களைச் சாதிபேதமற்றவர்கள் என்று அடையாளப்படுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி அச்சின் வழியாக அவர் முன்வைத்த கோரிக்கையை, நூற்றாண்டு கடந்து ஒரு பாட்டுக் குழு ஒலிபெருக்கியில் முன்வைத்தது என்பதை வெறும் பெயர்த் தேர்வாகக் கொள்ள இயலாது. பாடல்களின் பொருளும் குழுவின் அமைப்பும் அந்தக் கோரிக்கையோடு பிணைந்தே இருக்கின்றன.

இடமும் அதன் பாட்டும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகம், பஞ்சாலை, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970களில் மின்சாரம் தரத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் என்று நகரத்தின் உடலுழைப்பு முழுவதும் வடக்கே குவிந்தது. அந்த உழைப்பின் புகையும் சாம்பலும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தன. 1918இல் இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்குதான் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து உருவாயிற்று என்பதைப் பெருமையோடு குறிப்பிடும் நூல்கள், 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அதே சங்கம் சாதியால் பிளவுண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரே ஆலையில் ஒரே மணியோசைக்கு வேலைக்குப் போனவர்களைச் சேரியும் ஊருமாகப் பிரித்து வைத்திருந்த அந்தக் கோடு, பாட்டுக்குள்ளும் ஓடியது.

வடசென்னைக்குச் செவ்வியல் இசை அந்நியம் என்ற எண்ணமும் பிழையானது. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராசர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். பட்டினத்தார் அடங்கிய இடம் அதே ஊரின் கடற்கரை. வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து வழிபட்டதாகச் சொல்லப்படும் கோயிலும் அதுவே. இராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியில் வாழ்ந்து அடங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களும் இந்த மண்ணில்தான் பரவின. கானாவின் தோற்றம் குறித்துப் பேசுவோரில் ஒரு சாரார் சித்தர் பாடல்களையும் மஸ்தான் சாகிபுவையும் முன்னோடியாகக் காட்ட, வேறு சிலர் துறைமுகத் தொழிலாளர்களின் வேலைப் பாட்டையும், தக்காண உருது பேசிய முஸ்லிம் குடியிருப்புகளின் இசையையும், பெயரிலேயே ஒலிக்கும் இந்தித் தொடர்பையும் சுட்டுகிறார்கள். இவற்றுள் ஒன்றை மட்டும் வேர் என்று நிறுவுவது கடினம் என்பதோடு தேவையற்றதும்கூட. துறைமுக நகரத்தின் பாட்டு பல படகுகளில் வந்து சேர்ந்திருப்பதே இயல்பு.

உறுதியாகச் சொல்லக்கூடியது கானா நிகழும் சூழலை. ஒருவர் இறந்த வீட்டிலோ பதினாறாம் நாள் காரியத்திலோ தெருவை அடைத்துச் சாமியானா போட்டு, இறந்தவரின் படத்துக்கு மாலை சாத்தி, டோலக்கும் டேப்பும் புல்புல்தாராவும் கிடைத்தால் அவற்றோடும், கிடைக்காவிட்டால் மேசைப் பலகையிலோ தீப்பெட்டியிலோ தட்டிக்கொண்டும் பாடுவார்கள். தெரிந்த மெட்டுக்குள் இறந்தவரின் பெயர், அவர் பார்த்த தொழில், விட்டுச்சென்ற பிள்ளைகள் ஆகியன அந்த இடத்திலேயே கட்டி நுழைக்கப்படும். மரண கானாவாகத் தொடங்குவது இரவு நீள நீளத் தத்துவத்துக்கும் காதலுக்கும் கிண்டலுக்கும் நகர்ந்து, விடியும் நேரத்தில் அழுதவர்களையும் சிரிக்க வைத்துவிட்டு முடியும்.

இதுவரையான வாசிப்புகள்

குழுவைப் பற்றி வெளியான கட்டுரைகளிலும் நேர்காணல்களிலும் மூன்று விதமான புரிதல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, கானாவோடு ராக்கும் ராப்பும் கலந்த ஃபியூஷன் என்பது. வணிக நோக்கில் வசதியான விளக்கமாக இருந்தாலும், சமமான இரு பொருள்கள் ஒரு பாத்திரத்தில் கலந்தன என்ற தோற்றத்தை இது தருகிறது. கானாவுக்கும் ராக்குக்கும் இந்த நகரத்தில் ஒருபோதும் சமமான மேடை இருந்ததில்லை. கிதார் ஏந்தியவனுக்குக் கல்லூரிக் கலைவிழாவும் ஐந்து நட்சத்திர விடுதியின் அரங்கும் திறந்திருந்த காலத்தில், கானாப் பாடகருக்குக் காரியப் பந்தலும், எப்போதாவது ஒரு திரைப்படத்தின் குத்துப்பாட்டும் மட்டுமே வாய்த்தன.

இரண்டாவது, இதை எதிர்ப்பிசை என்று மட்டும் வாசிப்பது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர், வடசென்னை வாழ்க்கை என்று பாடல்களின் பேசுபொருள் இந்த வாசிப்புக்கு நியாயம் சேர்க்கிறது. ஆனால் பாடலின் கருத்தைப் பட்டியலிட்டுவிட்டு இசையைக் கேட்காமல் நகரும் பழக்கத்தை இது வளர்த்துவிட்டது. தலித் கலைஞர்களின் ஆக்கம் என்றாலே ஆவணமாகவோ முழக்கமாகவோ மட்டும் அணுகப்படும் நெடுநாள் குறையின் தொடர்ச்சி அது. மூன்றாவது வாசிப்பு, குழுவைத் தமிழ்த் திரையுலகின் ஒரு கிளையாகக் கருதுகிறது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனும், 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் அடைந்த புகழின் வரிசையில் இக்குழுவையும் வைத்துப் பார்ப்பது அது. இதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், திரைப்பாட்டில் கானாப் பாடகர் ஒரு காட்சிக்காக அழைக்கப்படும் குரலாக இருந்தார் என்பதும், ஆல்பத்தில் அவர் குழுவின் உறுப்பினராக நின்றார் என்பதும் சிறிய வேறுபாடுகளல்ல.

பங்க், புரோகிரசிவ் ராக்

கானாவை ராக்கோடு ஒப்பிடும் முன், ராக் இசையின் இரு பிரிவுகளை இங்கே விளக்குவது அவசியமாகிறது. புரோகிரசிவ் ராக் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் வளர்ந்து, கிங் கிரிம்ஸன் குழுவின் 1969ஆம் ஆண்டு ஆல்பம் போன்றவற்றால் வடிவம் பெற்றது. மூன்று நிமிடப் பாடல் என்ற சட்டத்தை உடைத்து, பல பகுதிகளாக நீளும் இசை, வழக்கத்துக்கு மாறான தாளக் கணக்குகள், ஆல்பம் முழுவதையும் ஒரே படைப்பாகக் கேட்கவைக்கும் அமைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். 1976, 1977 ஆண்டுகளில் இலண்டனிலும் மான்செஸ்டரிலும் எழுந்த பங்க், தேர்ச்சியைக் காட்டும் அந்தப் போக்குக்கு எதிர்வினையாகவே பார்க்கப்பட்டது. மூன்று கார்டுகள் தெரிந்தால் மேடையேறலாம், பாட்டைத் தாமே பதிவு செய்து தாமே விற்கலாம் என்பது அதன் நம்பிக்கை. பஸ்காக்ஸ் குழு 1977 சனவரியில் 500 பவுண்டு கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது, சுயாதீன இசை என்று பின்னர் அறியப்பட்ட வழிமுறைக்கு முன்மாதிரியாயிற்று.

கானாவைத் தமிழ்நாட்டின் பங்க் என்று அழைக்கும் போக்கு ஆங்கிலம் அறிந்த இசை ரசிகர்களிடையே உண்டு. கையில் கிடைத்ததைத் தட்டிப் பாடுவது, இலக்கணத் தமிழைப் பொருட்படுத்தாதது, மேட்டுக்குடி இசையின் மரியாதைகளை மறுப்பது ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் ஒப்புமை பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் அது கானாவின் பாதியை மட்டுமே காண்கிறது. கானாப் பாடகருக்குத் தேர்ச்சி மறுப்பு என்பது கிடையாது. நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடமாக வைத்திருப்பதும், அந்தாதி போல முந்தைய பாடகர் விட்ட இடத்திலிருந்து எடுப்பதும், ஒரு குருவிடம் ஆண்டுக்கணக்கில் பின்பாட்டுப் பாடிக் கற்பதும் அங்கே இன்றியமையாதவை. இரவு முழுவதும் மனநிலைகளை வரிசைப்படுத்தி, துக்கத்திலிருந்து களிப்புக்கு ஒரு கூட்டத்தையே அழைத்துச் செல்லும் அதன் அமைப்பு, நீள்வடிவத்தை நாடிய புரோகிரசிவ் ராக்கின் விருப்பத்துக்கே நெருக்கமானது. பிரிட்டனில் ஒன்றையொன்று பகைத்த இரண்டு போக்குகளும் இராயபுரத்துக் காரியப் பந்தலில் ஒன்றாகவே இருந்தன என்று கூறினால் அது மிகையாகாது: செய்முறையில் பங்க், அமைப்பில் புரோகிரசிவ்.

இக்குழுவின் திட்டத்துக்கு பாணியளவில் அமையும் எந்த ஒப்புமையையும்விட நெருக்கமான முன்னுதாரணம், 1976இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம். 1978 ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டன் விக்டோரியா பூங்காவில் தி கிளாஷ் என்ற பங்க் குழுவையும், கறுப்பினத்தவரின் ரெக்கே இசைக் குழுவான ஸ்டீல் பல்ஸையும் ஒரே மேடையில் அது நிறுத்தியது. யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்பதையே அரசியல் கூற்றாக்கியது. அங்கே தனித்தனிக் குழுக்கள் அடுத்தடுத்துப் பாடின. இங்கே ஒரே குழுவுக்குள் அந்தச் சேர்க்கை நிகழ்ந்தது என்பதால், சிக்கல்களும் குழுவுக்குள்ளேயே தீர்க்கப்பட வேண்டியவையாயின.

ஆறும் நான்கும்

அத்தகைய சிக்கல்களுள் முதன்மையானது தாளம். சென்னைச் சாவு ஊர்வலங்களில் ஒலிக்கும் அடி பெரும்பாலும் மும்மூன்றாகப் பிரியும் ஆறு எண்ணிக்கைச் சுழற்சியில், கர்நாடக இசை மொழியில் சொன்னால் திஸ்ர நடையில், ஓடுவது. ராக் டிரம்ஸின் அடிப்படை நான்கு எண்ணிக்கை. ராக் வாசிப்பவர் தன் நான்கைப் பிடித்துக்கொண்டு பறையை அதற்குள் அடக்கினால் பறை வெறும் அலங்கார ஓசையாகிவிடும். இந்தியத் திரையிசையிலும் ஃபியூஷன் மேடைகளிலும் பெரும்பாலும் நடந்தது அதுவே. இரண்டு சுழற்சிகளையும் பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒருமுறை சந்திக்கவிட்டு, இடையில் ஒன்றின் மேல் ஒன்று உரசவிடுவது வேறொரு தீர்வு. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடை நிகழ்ச்சிகளில், சட்டியும் கட்டை மோளமும் முன்னால் நின்று வேகத்தைத் தீர்மானிக்க, டிரம்ஸும் பேஸ் கிதாரும் அவற்றைப் பின்தொடரும் இடங்களில்தான் குழு தன் உச்சத்தைத் தொடுகிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. கிதாரின் இரைச்சல் முன்வந்து அடியை மூடும் இடங்களில் பாட்டு பழகிய ராக் பாட்டாகத் தளர்ந்துவிடுகிறது.

ஒலிப்பதிவுக் கூடம் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்குகிறது. பறையின் தோல் வைக்கோலோ காகிதமோ எரித்த தீயில் காய்ச்சப்பட்டு விறைப்பேறியபின்தான் கணீரென்று பேசும். வாசிக்க வாசிக்கத் தளர்ந்து, சுருதி இறங்கி, மறுபடியும் தீ கேட்கும். தெருவில் அந்த இடைவெளி ஒரு குறையாகத் தெரிவதில்லை, ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கும் நேரம் அது. கூடத்தில் தீ மூட்ட வழியில்லை. காதில் மாட்டிய கருவியில் சீராகத் துடிக்கும் மெட்ரோனோம் ஓசைக்கு ஏற்ப ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகப் பதிவாகும் முறையில், கூட்டத்தின் ஆட்டத்தைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கும் கைக்கு வேலையில்லாமல் போகிறது. இங்கே பிரிட்டனின் பர்மிங்காம் நகரம் நினைவுக்கு வரும்: 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, அந்த விரல்களுக்கு வலிக்காதபடி கிதாரின் தந்திகளைத் தளர்த்தி வாசிக்கப் போய், அதுவே பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலியாயிற்று. தொழில் நகரத்தின் உடல் இசையில் பதிந்ததற்கான தெளிவான சான்று அது. வடசென்னையின் உடல் பதிந்திருப்பது தோலிலும் தொண்டையிலும். அவை இரண்டையும் சீர்செய்து மழுங்கடிக்காமல் பதிவு செய்வதே இத்தகைய ஆல்பங்களின் கடினமான பணி.

ஆல்பத்தால் இழப்பதும் உண்டு. இறந்தவரின் பெயர் நுழையும் இடம் பதிவில் மூடிவிடுகிறது. விடிய விடிய நீளும் வரிசை சில நிமிடப் பாடல்களாக நறுக்கப்படுகிறது. மறுபுறம், கானாவின் சொந்த மேடையில் பெண்களுக்கு இருந்த இடம் மிகக் குறுகியது. காரியப் பந்தலில் இரவெல்லாம் பாடுவது ஆண்களின் வேலையாகவே கருதப்பட்டது. வடசென்னையைச் சேர்ந்த இசைவாணி கானாப் பாடகராக இக்குழுவின் முன்வரிசையில் நின்றதும், 2020ஆம் ஆண்டில் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றதும், பந்தல் கொடுக்காத இடத்தைப் புதிய மேடை கொடுத்ததற்குச் சான்று. மரபைக் காப்பது என்ற சொல்லோடு இதைப் பொருத்த முடியாது. மரபின் ஒரு விதி இங்கே உடைபட்டது, உடைபட்டதால் மரபு வளர்ந்தது.

சுயாதீனம் யாருடையது

தென்மா இக்குழுவுக்கு முன்னர் கபேர் வாசுகியுடன் சேர்ந்து குரங்கன் என்ற இருவர் குழுவை நடத்தியவர். தமிழில் திரைப்படம் சாராத பாட்டுக்கு வழிதேடிய அந்தக் குழுவின் மற்றொருவரான கபேர் வாசுகிதான், நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்ட சூழலியல் செயற்பாட்டாளர்களின் முயற்சியில் 2017 சனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ காணொளிக்கு வரிகள் எழுதினார். எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா அதைப் பேச்சுத்தமிழ் ராகமாலிகையாகப் பாடினார். ஓராண்டு இடைவெளியில் ஒரே குழுவின் இருவர் இரு வழிகளில் வடசென்னைக்கு வந்து சேர்ந்திருப்பது கவனத்துக்குரியது. முதல் வழியில் சபாக்களின் இசை, சாம்பல் படிந்த கரைக்கு இறங்கி வந்தது. அதன் நோக்கமும் தாக்கமும் போற்றத்தக்கவை. இரண்டாம் வழியில் அந்தக் கரையின் குரல்களே ஒலிவாங்கியைப் பிடித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும், அதே மாதத்தில் எண்ணூர் உரத் தொழிற்சாலையின் அமோனியா கசிவும் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்ததை எண்ணும்போது, இரண்டு வழிகளும் தேவைப்படும் இடம் இது என்பது விளங்கும்.

நீலம் பண்பாட்டு மையத்தின் பொருளுதவியாலும் ஒரு புகழ்பெற்ற இயக்குநரின் பெயராலும் எழுந்த குழுவைச் சுயாதீனக் குழு என்று அழைக்கலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. பங்க் வரலாறே இதற்கு விடை தருகிறது: செக்ஸ் பிஸ்டல்ஸை ஒரு துணிக்கடை உரிமையாளர் நிர்வகித்தார், தி கிளாஷ் 1977இல் சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. சார்பே இல்லாத சுயாதீனம் எங்கும் இருந்ததில்லை. எவரைச் சார்ந்திருக்கிறோம், அந்தச் சார்பு பாட்டின் சொல்லை மாற்றுகிறதா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். திரைப்படத் தணிக்கையைத் தாண்ட வாய்ப்பில்லாத சொற்களையும் விளம்பர நிறுவனம் எதுவும் ஏற்காத பேசுபொருளையும் ‘மகிழ்ச்சி’ ஆல்பம் தயக்கமின்றிக் கையாண்டிருப்பதால், அந்த அளவில் அதன் சுயாதீனம் மெய்யானது. அதேவேளை, தென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்ததும், குழுவின் பாடகர்களான கானா முத்துவும் இசைவாணியும் ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) பாடியதும், குழுவுக்கு வெளியே வருமானம் தரக்கூடிய ஒரே பெரிய சந்தை இன்றும் சினிமாதான் என்பதைக் காட்டுகின்றன.

பெயரும் பொறுப்பும்

கானா மெட்டுகள் எவருக்கும் சொந்தமானவை அல்ல. ஒரு மெட்டில் நூறு பேர் வரி கட்டுவார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகை பெறும் உரிமையை உறுதி செய்ததோடு, பாடகர் முதலிய நிகழ்த்துநர்களின் உரிமைகளையும் விரிவாக்கியது. ஆனால் இச்சட்டம் கேட்கும் முதல் கேள்வி, படைத்தவர் யார் என்பது. தெருவின் பொது மெட்டும், பந்தலில் பிறந்த வரியும், கூடத்தில் சேர்ந்த கிதார் பகுதியும் ஒரு பாட்டாகும்போது அதற்கு எளிய விடை கிடையாது. இக்குழுவிலிருந்து எழுந்த ராப் பாடகர் அறிவின் ‘எஞ்சாயி எஞ்சாமி’ (2021) உலகெங்கும் பரவியபின், அதன் ஆக்கத்தில் யாருக்கு என்ன பங்கு என்பது குறித்து எழுந்த பொதுவெளி விவாதமும், வருமானம் எதுவும் கைக்கு வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகத் தெரிவித்ததும், சுயாதீன இசையில் பெயர்ப்பட்டியலும் கணக்கும் எவ்வளவு பலவீனமாக இருக்கின்றன என்பதை அம்பலப்படுத்தின.

பெயர் பதிவாவதில் இன்னொரு பக்கமும் உண்டு. பந்தலில் பாடிய கானா விடிந்ததும் கலைந்துவிடும்; பதிவான பாட்டை எவரும் எப்போது வேண்டுமானாலும் எடுத்து வந்து நிறுத்தலாம். கோயில் நுழைவில் பெண்களின் உரிமையைக் கேட்கும் குழுவின் பாடல் ஒன்று, வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் திடீரெனச் சர்ச்சையாக்கப்பட்டபோது, வசவுகளும் மிரட்டல்களும் குழுவை நோக்கி வரவில்லை. அதைப் பாடிய இசைவாணி என்ற ஒருவரை நோக்கியே வந்தன. குழுவின் அமைப்பாளர்களும் உடன் பாடிய ஆண்களும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ள, முகம் தெரிந்த பெண் தனித்து நிறுத்தப்பட்டார். நீலம் பண்பாட்டு மையம் அப்போது வெளியிட்ட அறிக்கை, அப்பாடல் குழுவின் கூட்டுப் படைப்பு என்பதை எடுத்துரைத்து அவருக்குத் துணை நின்றது. கூட்டுப் படைப்பு என்ற நிலைப்பாடு உரிமத்தொகைப் பங்கீட்டில் எவ்வளவு தெளிவாக எழுதப்பட வேண்டுமோ, அவ்வளவு தெளிவாகச் சட்டச் செலவிலும் பாதுகாப்பிலும் எழுதப்பட வேண்டும். அடுத்த ஆல்பத்துக்கான ஒப்பந்தத்தில், கானாப் பாடகர் கையெழுத்திடும் முன்னரே, அந்த இரண்டு பத்திகளும் இருந்தாக வேண்டும்.